கவுத்துப் போட்ட ட்ரம்

ருவாத்தி கைக்கு ஊர் மைக் வந்து அன்னிக்கோட பதினாறு நாள். அதுக்குள்ள அவளுக்கு போர் அடிச்சிருச்சு.

மைக் போர் அடிக்கல. மைக்ல சொல்ற விஷயம்தான் போர். சாயங்காலம் சோறு தின்னு கை கழுவுன ஒடனே சாய்த்லாங் ஊர் உச்சியில இருக்கற தகரக் கொட்டாய்க்கு ஏறணும், ஸ்விட்சப் போடணும், மூணு தட்டு தட்டணும். "ரேஷன் அரிசி நாளைக்கு வருது." "யாரோட பன்னிக்குட்டியோ சர்ச்சுக்குப் பின்னாடி நிக்குது, வாலு கறுப்பு, வந்து கூட்டிட்டுப் போங்க." "சனிக்கிழமை ரோட்டு வேலை, வீட்டுக்கு ஒருத்தர், மண்வெட்டியோட." அவ்ளோதான். மிசோரம் மலையில நாலு ஊருக்குக் கேக்குற ஸ்பீக்கர் குழாய வெச்சுக்கிட்டு பன்னி வாலப் பத்திப் பேசிட்டிருந்தா.

அவளுக்கு முன்னாடி முப்பது வருஷமா அந்த மைக்ல கூவுனவரு பு தெங்கா ('பு'ன்னா அங்க 'ஐயா' மாதிரி). அவரு தொண்டை போயிருச்சு. "இனி யாருய்யா?"ன்னு ஊர்த் தலைவர் பு ஜோவா கூட்டத்துல கேட்டப்போ கை தூக்குன ஒரே ஆள் ருவாத்தி. வயசு இருபத்தி நாலு, அதுவும் பொம்பளப் புள்ளன்னு ரெண்டு பேர் மூஞ்சியச் சுளிச்சாங்க. "அவ வாய்க்கு மைக்கே வேணாம், கரண்டு மிச்சம்"னு அவ அம்மாவே சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க, வேலை இவளுக்கு வந்துருச்சு.

பதினாறாவது நாள் விடியக்காலையில, குழாய் கம்பி காத்துல அத்துக்கிச்சான்னு பாக்க ஏறிப் போனா. திரும்பி எறங்கறப்போ பியாக்கி அக்கா வீட்டு வாசல்ல ஒரு உருவம். முதுகுல கூடை, கூடைக்குள்ள ரெண்டு கேன், கூடைப் பட்டை நெத்தியில. அந்த ஆளு கூடைய எறக்கி, ரெண்டு கேனையும் சத்தமில்லாம நீல ட்ரம்ல ஊத்தி, மூடி போட்டு, மூடி மேல கல்லையும் வெச்சுட்டு கிளம்புனான்.

ருவாத்திக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அது ஹ்லுனா!

விஷயம் இதான். பியாக்கி அக்கா டிசம்பர்ல வெறகு சுமந்துட்டு வர்றப்போ சரிவுல வழுக்கி காலை ஒடச்சுக்கிட்டா. தனி ஆளு, பொண்ணு ஐசால்ல படிக்குது. அன்னில இருந்து அவ வீட்டு ட்ரம் ஒரு நாள் கூட காஞ்சதில்ல. யார் ஊத்துறான்னு யாருக்கும் தெரியாது, யாரும் கேக்கவும் மாட்டாங்க. அந்த ஊர் அப்படி. ஒருத்தர் செத்தா கேக்காமலே குழி வெட்டிருவாங்க, வீடு எரிஞ்சா மூணு நாள்ல புது வீடு நிக்கும். அதுக்கு த்லோம்ஙாய்னு ஒரு சொல்லே இருக்கு, அடுத்தவங்களுக்காக இருக்கறதுன்னு வெச்சுக்குங்க. அதுல பாதி வேலை செய்யறது. மீதி பாதி வாய மூடிட்டு இருக்கறது.

அந்த மீதி பாதிதான் ருவாத்திக்கு வராது.

அதுவும் ஊத்துனது யாரு? ஹ்லுனா! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரோட்டு வேலைக்கு அவன் வரல. மறுநாள் ஊத்துல தண்ணி எடுக்க வந்தவனப் பாத்து, முப்பது பேர் முன்னாடி, பியாக்கி அக்கா கேட்டா: "நீ ஒனக்காக மட்டும் மூச்சு விடுறவன்தானேடா?" அந்த ஊர்ல அதுக்கு மேல ஒரு வசவு கெடையாது. அப்பனத் திட்டலாம், ஆத்தாளத் திட்டலாம், இதச் சொல்லக் கூடாது. ஹ்லுனா கேனைத் தூக்கிட்டுப் போயிட்டான். உண்மையில அன்னிக்கு அவனுக்குப் பல்வலி, கன்னம் பப்பாளி மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொன்னா சாக்கு சொல்ற மாதிரி ஆயிரும்னு சொல்லல. அன்னில இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.

அப்பேர்ப்பட்டவன் மூணு மாசமா தண்ணி சுமக்கறான்! இத ஊருக்குச் சொல்லாம எத சொல்றது?

அன்னிக்குச் சாயங்காலமே மைக்ல சொல்லிட்டா.

"ரேஷன் அரிசி தீந்துருச்சு. இன்னொரு நல்ல சேதி! நம்ம பியாக்கி அக்கா வீட்டுக்கு மூணு மாசமா விடியறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்துற புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சு போச்சு. அது நம்ம ஹ்லுனா அண்ணன்! எல்லாரும் அவர மனசார வாழ்த்துவோம்!"

கீழ எறங்கி வர்றப்போ ஊரே கை தட்டும்னு நெனச்சா. ஒரு வீட்லயும் சத்தம் இல்ல. அடுப்புல வெறகு வெடிக்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அம்மா வாசல்லயே நின்னா.

"ஏண்டி, ஒனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அந்த எடத்துலயும் நாக்கையே வெச்சுட்டாரா கடவுளு?"

மறுநாள் காலையில பியாக்கி அக்கா வீட்டு ட்ரம் வாசல்ல தலைகீழா கெடந்துச்சு. அடி மேல, வாய் கீழ. மேல அந்தக் கல்லு.

தண்ணி வேணாம்னு அதை விடத் தெளிவா ஒருத்தி சொல்ல முடியாது.

ருவாத்தி நேரா ஹ்லுனா வீட்டுக்கு ஓடுனா. அவன் கொல்லையில பன்னிக்குத் தவிடு கலக்கிட்டிருந்தான். திரும்பிக் கூடப் பாக்கல.

"அண்ணே, நான் நல்லதுக்குத்தான்…"

"நல்லதா? காலையில வெளிய வந்தா, வாலிபால் ஆடுற பசங்க 'புண்ணியவான் வர்றாரு, வழி விடுங்கடா'ங்கறானுங்க. நானே ஒனக்குச் சொல்லிக் குடுத்து மைக்ல போடச் சொன்னேன்னு பாதி ஊரு நெனைக்குது. அந்தப் பொம்பள என்ன நெனைக்கும்? ரெண்டு வருஷம் கழிச்சு வட்டியோட அவ மூஞ்சில ஊத்திட்டேன்னு நெனைக்கும்."

"அப்போ இன்னிக்குக் காலையில நீங்க தண்ணி…"

"கொண்டு போனேன். ட்ரம் கவுந்து கெடந்துச்சு." அவன் தவிட்டுக் குச்சிய சட்டியில ஓங்கித் தட்டுனான். "வீட்டுக்குக் கொண்டு வந்து பன்னிக்கு ஊத்துனேன். பன்னி குளிச்சிருக்கு, பாரு. தண்ணி வத்துற மார்ச் மாசத்துல ஊர்லயே சுத்தமான ஆளு இதான்."

பன்னி உண்மையிலேயே பளபளன்னு இருந்துச்சு. ருவாத்திக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டா.

அங்க இருந்து பியாக்கி அக்காவத் தேடிப் போனா. வீட்ல இல்ல. ஊத்துக்குப் போற எறக்கத்துல பாதி வழியில ஒரு பாறை மேல ஒக்காந்திருந்தா. ஒரு கையில ஊன்றுகோல், பக்கத்துல அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன், மூடியிலிருந்து தண்ணி சொட்டுது. முழங்கால் வரைக்கும் செம்மண்ணு. விழுந்து எழுந்திரிச்சிருக்கா, கேக்க வேண்டியதே இல்ல.

"அக்கா, கேனைக் குடுங்க, நான் தூக்கறேன்."

"எதுக்கு? சாயங்காலம் 'நம்ம ருவாத்தி தங்கச்சிய வாழ்த்துவோம்'னு கேக்கறதுக்கா?"

"அக்கா, அவரு சொல்லச் சொல்லவே இல்ல. நான்தான் பாத்தேன், நான்தான் ஒளறுனேன். அவரு என்னைத் திட்டுறாரு."

பியாக்கி அக்கா காலைத் தடவிக்கிட்டா.

"அது தெரியும் எனக்கு," பியாக்கி அக்கா சொன்னா. "ஒன் குரல்ல இருந்த குஷியிலயே தெரிஞ்சுது, இது ஒன் கைவேலைன்னு. அது இல்ல பிரச்சன. மூணு மாசமா நான் வாங்கிட்டே இருக்கேன்டி. செத்த வீட்டுக்குப் போய் ஒக்கார முடியல. ரோட்டு வேலைக்குப் போக முடியல. யாரு ஊத்துறான்னு தெரியாத வரைக்கும் ஊரே ஊத்துதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஊருக்குத் தானே, கால் சரியானா திருப்பிச் செஞ்சிரலாம்னு இருந்தேன். இப்போ ஒரே ஒருத்தன்னு தெரிஞ்சு போச்சு. அவனுக்கு நான் என்னத்தத் திருப்பிக் குடுப்பேன்? நான் அவனுக்குக் குடுத்தது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் முப்பது பேர் முன்னாடி."

"அப்போ பக்கத்து வீட்ல யாராச்சும் ஊத்துனா…"

"இப்போ யார் ஊத்துனாலும் யாருன்னு தெரிஞ்சிரும். என் வாசலையே ஊர் பாத்துக்கிட்டு இருக்கு. போடி, வழி விடு."

எழுந்திரிச்சா. பத்து அடி நடந்து நின்னா, மறுபடி பத்து அடி. வெயில் ஏறிருச்சு. மேட்டுல வீடுகள்ல ஜன்னல் துணி ஒண்ணொண்ணா ஆடுது. எல்லாரும் பாக்கறாங்க, ஒருத்தரும் எறங்கி வரல. வந்தா அவளுக்கு இன்னும் அசிங்கம்னு தெரியும்.

அந்தக் காலு இந்த ஏத்தத்துல இன்னொரு தடவ வழுக்குனா, தூக்கிட்டுத்தான் போகணும்.

மத்தியானம் பு ஜோவா கூப்ட்டு அனுப்புனாரு. வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாரு: "பொண்ணே, இன்னிக்குச் சாயங்காலம் மைக்ல மன்னிப்பு கேளு. கேட்டுட்டு கொட்டாய் சாவிய எங்கிட்ட குடு. பு தெங்கா கரகரன்னு பேசுனாலும் பரவால்ல, வேண்டாததப் பேசமாட்டாரு."

"தலைவரே, மன்னிப்பு கேட்டா ட்ரம் நிமிருமா?"

அவரு மெல்லுறத நிறுத்துனாரு.

"மன்னிப்பு கேக்கறதுன்னா மறுபடி ரெண்டு பேர் பேரையும் மைக்ல இழுக்கணும். இன்னும் கவுந்துரும். ஒரு நாள் குடுங்க தலைவரே. நாளைக்குக் காலையில அந்த ட்ரம் நிமிரலைன்னா சாவிய நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"என்ன பண்ணப் போறே?"

"தெரியல. பேசப் போறேன்."

"அதான் பயமா இருக்கு," அப்டின்னாரு பு ஜோவா. ஆனா சாவிய வாங்கல.

யோசனை அவளுக்குக் கொட்டாய் ஏறுற வழியிலதான் வந்துச்சு. பியாக்கி அக்கா சொன்னது மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு: ஊரே ஊத்துதுன்னு நெனச்சேன். சரி, ஊரே ஊத்தட்டுமே! ஒரு வீட்டுக்கு மட்டும் ஊத்துனா யாருன்னு தெரிஞ்சிரும். எல்லா வீட்டுக்கும் யாரோ ஊத்துனா? எவன் கண்டுபிடிக்கறது?

ஸ்விட்சப் போட்டா. மூணு தட்டு.

"சாய்த்லாங் மக்களே, ருவாத்தி பேசறேன். இன்னிக்கு அரிசியும் இல்ல, பன்னியும் இல்ல. ஒரே சேதி. நாளைக்குக் காலையில இந்த ஊர்ல யாரும் அவங்கவங்க ட்ரம்ல தண்ணி ஊத்தக் கூடாது. வேற யார் வீட்டு ட்ரம்லயாச்சும் ஊத்துங்க. யார் வீடுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. ஊத்துனவங்க பேர் இந்த மைக்ல வராது, சத்தியம். ஆனா," அவ ஒரு மூச்சு எடுத்துக்கிட்டா, "தன் ட்ரம்ல தானே ஊத்திக்கறவங்க பேர் வரும். நாளைக்குச் சாயங்காலம், முழுப் பேரோட, அப்பா பேரோட வரும்."

கீழ எங்கயோ ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுச்சு.

அவ எறங்கி வர்றதுக்குள்ள பு ஜோவா பாதி ஏத்தத்துல மூச்சு வாங்கிட்டு நின்னாரு. "பொண்ணே, ஊரையே மெரட்டுறியா?"

"ஆமா தலைவரே."

"என் வீட்டு ட்ரம்ல அடியில ஓட்டை இருக்கு. நாளைக்கு எவனாச்சும் ஊத்தி வீணாப் போயிரும். அதையும் சொல்லியிருக்கலாம்ல?"

"மறுபடி ஏறவா?"

"வேணாம் தாயே, வேணாம்."

விடியறதுக்கு முன்னாடியே ருவாத்தி ஊத்துக்குப் போயிட்டா. தான்தான் மொத ஆளுன்னு நெனச்சுப் போனா, அங்க ஏற்கனவே நாப்பது பேர். கூடை, கேன், பானை, பக்கெட். பாஸ்டரு ரெண்டு கெட்டிலோட நிக்கறாரு. அவளோட பிளான்ல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு, பு ஜோவா ட்ரம்ம விடப் பெருசு: எல்லாரும் ஒரே நேரத்துல வருவாங்கன்னு அவ யோசிக்கவே இல்ல.

மார்ச் மாசத்து ஊத்து. மூங்கில் குழாய்ல தண்ணி நூல் மாதிரி வந்து ஒரு கல்லுக் குழியில தேங்கும். அதுல இருந்து பிளாஸ்டிக் மக்குல மொண்டு எடுக்கணும். அடிய இடிக்காம மேலாப்புல மொள்ளணும், இடிச்சா சேறு கெளம்பிரும். நாப்பது பேரும் ஆளுக்கு ஒரு மக்க விட்டு அலசுனதுல பத்தே நிமிஷத்துல குழி டீ கலர் ஆயிருச்சு.

"யாருடி இந்த சட்டம் போட்டவ?" ஒரு அம்மா கத்துனா. "இதைக் கொண்டு போய் ஊத்துனா ஊத்துன வீட்டுக்காரி என்னைச் சபிப்பா!"

"பேர்தான் தெரியாதே, தைரியமா ஊத்துங்க"ன்னான் ஒருத்தன். சிரிப்பு. தள்ளுமுள்ளு.

"எல்லாரும் மக்க வெளிய எடுங்க!"

திரும்பிப் பாத்தா பியாக்கி அக்கா. ஊன்றுகோல், அஞ்சு லிட்டர் கேன், மூஞ்சில வேர்வை. இவளும் யாருக்கோ தண்ணி எடுக்க வந்திருக்கா, இல்லாட்டி இந்நேரத்துக்கு எதுக்கு எறங்கணும்? கூட்டம் தானா வெலகுச்சு. அவ குழி ஓரத்துல இருக்கற கல்லு மேல ஒக்காந்து, ஒடஞ்ச காலை முன்னாடி நீட்டிக்கிட்டா.

"கொஞ்ச நேரம் தெளியட்டும். ஒருத்தரும் தொடக் கூடாது. பாஸ்டரே, ஒங்களுக்கும்தான். ஊத்து முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான், கெட்டில கீழ வைங்க. கேன எல்லாம் வரிசையா வைங்க. மொள்ளுறது நான். ஒரே மக்கு."

அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க! மணிக்கட்ட மட்டும் லேசா சாய்ச்சு, தண்ணியோட தோலை உரிக்கற மாதிரி மொள்ளுறா. ஒரு தூசி கெளம்பல. கண்ணாடி மாதிரி தண்ணி. ஒரு கை மொள்ளுது, வாய் திட்டுது. "மூடிய ஒழுங்காப் புடி." "இந்தக் கேன கழுவி எத்தன வருஷம் ஆச்சு, இதுல மீன் வளக்கலாம்." "நீ ஏற்கனவே ஒரு தடவ வந்தே, போ பின்னாடி." மூணு மாசமா வீட்டுக்குள்ள அடஞ்சு கெடந்த குரலு மலை முழுக்கக் கேக்குது. ஜனங்க சிரிச்சுக்கிட்டே கேன நீட்டுறாங்க.

வரிசை நகந்து நகந்து ஹ்லுனாகிட்ட வந்துச்சு. ரெண்டு கேனு.

சத்தம் கொறஞ்சிருச்சு. முப்பது பேர் முன்னாடி அன்னிக்கு அந்த வார்த்தை விழுந்ததும் இதே எடத்துலதான், அது எல்லாருக்கும் ஞாபகம் வந்துருச்சு போல. ஹ்லுனா கேன கீழ வெச்சுட்டு தன் கால் கட்டை விரலையே பாத்துட்டு நின்னான்.

பியாக்கி அக்கா மக்க நிறுத்துனா. அவன ஒரு பார்வை பாத்தா.

"டேய், தள்ளி வை. சிந்தும்."

அவன் ஒரு விரக்கடை தள்ளி வெச்சான்.

"இன்னும் கொஞ்சம்."

வெச்சான். அவ மொண்டு ஊத்துனா. ரெண்டு கேனும் ரொம்புறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. ரொம்புனதும் அவனே மூடியப் போட்டு, கூடையில வெச்சு, பட்டைய நெத்தியில மாட்டி எழுந்திரிச்சான்.

"அன்னிக்கு ரோட்டு வேலைக்கு ஏண்டா வரல?" பியாக்கி அக்கா அடுத்த கேனப் பாத்துக்கிட்டே கேட்டா.

"பல்வலி."

"ரெண்டு வருஷமா சொல்றதுக்கு என்ன?"

"ரெண்டு வருஷமும் பல்வலிதான்க்கா"ன்னு முனகிட்டு அவன் ஏற ஆரம்பிச்சான். கூட்டம் ஒரேயடியா வெடிச்சுச் சிரிச்சுச்சு. பியாக்கி அக்காவும்தான், மக்குல இருந்த தண்ணி பாதி சிந்திருச்சு.

அவன் எந்த வீட்டுக்குப் போறான்னு ருவாத்திக்கு கழுத்து தானா திரும்புச்சு. ரெண்டு கையாலயும் மூஞ்சியப் புடிச்சு வேற பக்கம் திருப்பிக்கிட்டா. சத்தியமா, கையாலயே திருப்பிக்கிட்டா.

தன் கேன ஒரு வீட்ல ஊத்திட்டு (எந்த வீடுன்னு கேக்காதீங்க) வெயில் வந்தப்புறம் பியாக்கி அக்கா வீட்டுப் பக்கம் போனா. ட்ரம் நிமிந்து நின்னுச்சு! ஊத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அவளே நிமித்தி வெச்சிருக்கணும். விளிம்பு வரைக்கும் தண்ணி. அது பத்தாதுன்னு வாசல்ல ஆறு கேன், ரெண்டு பானை, ரெண்டு கெட்டில். கெட்டில் யாரோடதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஆனா பாஸ்டரு பேர யாரும் சொல்லல.

கிழக்குப் பக்கத்துல பு ஜோவா வாசல்ல ஓட்டை ட்ரம்ல இருந்து ஒரு சின்ன ஓடையே ஓடுது. அதுல அவரு வீட்டு வாத்து நீந்துது. அவரு திண்டாடிட்டு நிக்கறாரு. இவளப் பாத்ததும், "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்"னு கத்துனாரு. "ஆனா அடுத்த தடவ எங்கிட்ட சொல்லிட்டுப் பேசு!"

ருவாத்தி குதிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. அம்மா இடுப்புல கை வெச்சுட்டு ட்ரம் முன்னாடி நின்னா.

"எட்டிப் பாரு."

பாத்தா. அடியில ஒரு செத்த பல்லி. வேற ஒண்ணும் இல்ல.

"என்னம்மா, ஒருத்தர் கூடவா ஊத்தல?"

"எப்படி ஊத்துவாங்க? மைக்குக்காரி வீட்டுக்கு வந்தா சாயங்காலம் பேர் வந்துரும்னு அவங்களுக்குத் தெரியாதா? இந்த வாசலத் தாண்டி ஓடுறாங்கடி, நாய் தொரத்துற மாதிரி. இப்போ ஒலைக்குத் தண்ணி இல்ல. போ, எடுத்துட்டு வா."

"நான் எடுத்துட்டு வந்தா என் பேரையே நான் மைக்ல சொல்லணும்மா."

"சொல்லு! முழுப் பேரோட! அப்பா பேர நான் சொல்லித் தர்றேன்!"

அடுப்பு எரியுது, பானை காலி. ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இருக்கறப்போ வாசப் படிக்கல்லுல டொக்கு டொக்குன்னு சத்தம். பியாக்கி அக்கா. பத்து அடிக்கு ஒரு தடவ நின்னு நின்னு, மேட்டுல இருக்கற இந்த வீட்டுக்கு வந்து சேந்திருக்கா. ருவாத்தி ஓடிப் போய் கேன வாங்கப் பாத்தா, ஊன்றுகோலாலயே அவ கைய ஒரு தட்டு தட்டுனா பியாக்கி அக்கா.

"தள்ளு. என் தண்ணி, நான்தான் ஊத்துவேன்."

ட்ரம்ம எட்டிப் பாத்தா, பல்லிய வெளிய எடுத்துப் போட்டா, ஒரு கை தண்ணி விட்டு அலசிக் கொட்டுனா. அப்புறம் மீதி மொத்தத்தையும் ஊத்துனா. அவ்ளோ பெரிய ட்ரம்ல அது அடிய நனைச்சுது, அவ்ளோதான். காலிக் கேன அக்குள்ள இடுக்கிக்கிட்டு ருவாத்தி மூஞ்சிக்கு நேரா விரல நீட்டுனா.

"சாயங்காலம் என் பேரு அந்தக் குழாய்ல வந்துச்சு, பல்லு இருக்காது ஒனக்கு."

ருவாத்தி வாயத் தொறந்தா. அம்மா அவளையே பாத்துட்டு நின்னா. ருவாத்தி வாய மூடுனா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தொறந்தா.

"டீ போடட்டுமாக்கா?"

"போடு," பியாக்கி அக்கா படிக்கல்லுலயே ஒக்காந்து காலை நீட்டிக்கிட்டா. "தண்ணிய வீணாக்காம போடு. ஏத்தம் ஏறிக் கொண்டாந்தது."